ஒரு சத்தமும் நான்கு சொட்டுகளும்

முத்தியால்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குச் சத்தம் ஒரு தொந்தரவே இல்லை. சத்தம் மாறினால்தான் தொந்தரவு. எங்கள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "பக்கத்து வீட்டுத் தறியில நாடா சிக்குது" என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இப்போது எங்கள் தெருவில் தறிகள் இல்லை. அந்தக் காது மட்டும் எங்களில் சிலருக்கு மிச்சம் இருக்கிறது. போன ஐப்பசியில் அது ஒரு கார் விஷயத்தில் பயன்பட்டது. கார் இல்லாதவர்களும் படிக்கலாம். ஸ்கூட்டருக்கும் இது பொருந்தும்.

கார் என் தம்பியுடையது. 2001-ல் வாங்கிய மாருதி எஸ்டீம். 1298 சிசி, 85 குதிரைத் திறன், பதினாறு வால்வு. இன்றைய பிள்ளைகளுக்கு அது கிழட்டுக் கார். அந்தக் காலத்தில் ராலிக்குப் போகிறவர்கள் தேடி வாங்கிய வண்டி அது. உடம்பு லேசு, எஞ்சின் சுறுசுறுப்பு. தம்பி அதை வாங்கியதற்குக் காரணமே அதுதான். அவனுக்குப் பந்தயப் பைத்தியம். எழுபதுகளில் நாங்கள் இருவரும் பஸ் மாறிப் பஸ் மாறிச் சோழவரம் போயிருக்கிறோம். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா, கோயம்புத்தூர் கரிவரதன் எல்லாம் ஓட்டிய இடம். சாதாரண ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து பந்தயக் காராக்கிக் கொண்டுவருவார்கள். பந்தய வண்டிகளில் ஊற்றும் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயில் எரியும் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. தம்பி சொல்வான், "ஆயா பேதிக்குக் குடுக்குற எண்ணெய்ல காரே ஓடுதுடா அண்ணா." 1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. கரிவரதன் 1995-ல் கோவையில் சிறு விமான விபத்தில் இறந்த செய்தி வந்த நாளில் தம்பி சாப்பிடவில்லை.

தம்பி போய் ஆறு வருஷம் ஆகிறது. கார் அவன் மகனிடம் வந்தது. அப்பனின் ஆசை பிள்ளைக்கு இரட்டிப்பாக இறங்கியிருக்கிறது. தம்பி எண்ணத்தில் வைத்திருந்ததை இவன் கையால் செய்துவிட்டான். சிலிண்டர் ஹெட்டைச் செதுக்கி அழுத்தத்தை ஏற்றினான். கம்பெனி மானிஃபோல்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய் வளைத்துச் செய்த ஹெட்டர் போட்டான். காற்று வடிகட்டிப் பெட்டியை எடுத்துவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். டாஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர். பின்னால் தெருவையே எழுப்பும் சைலன்சர். அதற்கு அந்தப் பெயர் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது என்று ஒரு நாள் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் வேறு என்ன செய்வேன்? "சரி பெரியப்பா" என்றான். அடுத்த வாரம் வெறும் சக்கரத்தை மாற்றி அகலமான டயர் போட்டான்.

ஐப்பசி மழையோடு சத்தம் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்-டக்-டக் என்று ஓர் அடி. ஆக்சிலேட்டர் மிதித்தால் வேகமாகும். அதோடு, கார் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டுகள். நகரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். பெயர் வேண்டாம். அவர்கள் மூன்றாவது சிலிண்டரைத் துண்டித்துப் பார்த்தார்கள், சத்தம் அமுங்கியது. "கனெக்டிங் ராடு பேரிங் போயிடுச்சு. எஞ்சின் இறக்கணும். 85,000 ஆகும்" என்றார்கள். ஆயில் ஒழுகலுக்கு ஏற்கனவே இரண்டு தடவை வால்வு கவர் கேஸ்கெட்டும் ஒரு தடவை ஆயில் சீலும் மாற்றியிருந்தான். இருபது வருஷத்துக்கு மேலான காருக்கு 85,000 யார் போடுவார்கள்? காயலான் கடைக்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு 30,000 சொல்லிவிட்டுப் போனான். பிள்ளை மனசு பாதி அசைந்துவிட்டது. அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மனைவி எதற்கும் சட்டென்று பேசுகிறவள் இல்லை.

நான்தான், "மணிக்கூண்டுக்குப் பின்னால ஷெட்டுல ஒரு தடவை காட்டுடா" என்றேன்.

அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை ஆரம்பித்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டிப் பிரிவில் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எண்பதுகளில் நான் ஆபீஸ் விட்டு வரும் வழியில் அவர் ஷெட்டில் பத்து நிமிஷம் நிற்பேன். ஊரே அவரை முசே என்று கூப்பிடும். அவர் சொல்லும் மெக்கானிக் வார்த்தைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் புரியும் என்பதால் அவருக்கு என் மேல் ஒரு பிரியம். பையன்களுக்குப் புரியாது, ஆனாலும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்வார்கள். முசே இப்போது இல்லை. அவரிடம் எட்டு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையன்தான் இன்று ஐம்பதைத் தாண்டிய மேஸ்திரி. பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் ஒழுகலை "ஃபுயித்" என்பார், சிலிண்டர் ஹெட்டைக் "குலாஸ்" என்பார், கனெக்டிங் ராடைப் "பியெல்" என்பார். அதெல்லாம் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

முசே எஞ்சின் சத்தத்தை மூன்றாகப் பிரிப்பார். முதலாவது கிளிக்தி. மேடு ஏறும்போது, கியர் மாற்றாமல் மிதிக்கும்போது, சில்லறைக் காசைத் தகர டப்பாவில் குலுக்கினாற்போல் வரும். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னால் தானாகப் பற்றிக்கொள்வதால் வருவது. அழுத்தம் ஏற்றிய எஞ்சினில் சாதாரண பெட்ரோல் ஊற்றினால் இது வரும். விட்டுவிட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். இரண்டாவது க்ளாக்மான். மேலே வால்வுப் பக்கம் தட்டச்சு மிஷின் அடிப்பது போன்ற லேசான சத்தம். டாப்பெட் இடைவெளி கூடினால் வருவது. கேம் தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதனால் இந்தச் சத்தமும் பாதி வேகத்தில்தான் கேட்கும், பழகிய காது பிரித்துவிடும். மூன்றாவது கொன்யுமான். அடிவயிற்றில் இருந்து வரும் கனமான குத்து. உலக்கை விழுவது போல. அது பியெல் பேரிங். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பேரிங் தேய்ந்தது என்று சொல்லமாட்டார்கள், பியெல் உருகி ஓடிவிட்டது என்பார்கள். உண்மையும் அதுதான். ஆயில் படலம் அறுந்தால் பேரிங்கின் மெல்லிய உலோகம் சூட்டில் இளகிப் போய்விடும்.

மேஸ்திரி முதல் நாள் ஸ்பானரைத் தொடவே இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் கீழ்க் கோட்டில் இருந்தது. ஊற்றி நிரப்பினார். பிறகு தம்பி மகனிடம் கேள்விகள். "சத்தம் காலையில அதிகமா, சாயங்காலமா?" காலையில்தான் என்றான். "சூடானப்புறம்?" குறைஞ்சிடும் என்றான். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது. பேரிங் போன எஞ்சின் சூடாக ஆகத்தான் அதிகம் குத்தும். ஆயில் இளகித் தண்ணீராவதால். இது தலைகீழாக இருக்கிறதே?

மறுநாள் காலை ஆறு மணிக்கு, இரவு முழுக்க மழையில் குளிர்ந்து கிடந்த வண்டியை அங்கேயே ஸ்டார்ட் செய்தோம். டக்-டக்-டக். மேஸ்திரி மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒயரைக் கழற்றினார். சத்தம் அமுங்கியது. "பாத்தியா, அவங்க சொன்னது சரிதான்" என்றான் பையன், முகம் விழுந்துபோய்.

இங்கேதான் அந்தப் பட்டறை நின்றுவிட்டது. சிலிண்டரைத் துண்டித்தால் பிஸ்டன் மேல் வெடிக்கும் அடி நின்றுவிடும், பேரிங் ஆடாது, சத்தம் குறையும். சரி. ஆனால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பே இல்லாவிட்டால் அதன் புகைவழியில் சீறிக்கொண்டு வரும் வாயுவும் நின்றுவிடும் அல்லவா? புகைக்குழாய் இணைப்பில் ஓட்டை இருந்தாலும் இதே சோதனையில் இதே பதில்தான் வரும். ஒரே பதிலுக்கு இரண்டு கேள்விகள். ஆபீஸில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு உத்தரவு போட்டுவிடுவார்கள்.

மேஸ்திரி தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சின் மேல் மெல்ல நகர்த்தினார். பெல்ட்டும் காற்றாடியும் சுற்றும் பக்கம் போகாமல். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பாரே, அது மாதிரிதான். ஹெட்டரின் மூன்றாவது குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தில் குழாய் போனதும் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என் கையில் கொடுத்தார். புஸ்-புஸ்-புஸ் என்று காதில் யாரோ ஊதுவது போல் இருந்தது. பிறகு நீளமான ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையை எஞ்சின் அடிப்பகுதியில் ஊன்றிக் கேட்டார். அங்கே உலக்கை இல்லை. சீரான சுழற்சி மட்டும். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஹெட்டரின் தட்டைப் பக்கத்தில் மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புக் கீற்று. புகை வெளியேறிய தடம்.

ஹெட்டர் செய்தவர் குழாயை நன்றாகத்தான் வளைத்திருந்தார். ஆனால் அதைப் பிடிக்கும் தட்டு மெலிசு. கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு சூட்டில் அசையாது. இந்த மெலிந்த தகடு பலமுறை சூடாகிக் குளிர்ந்து வளைந்துவிட்டது. காலையில் இடைவெளி திறந்திருக்கும், சூடேறினால் விரிந்து மூடிக்கொள்ளும். அதனால்தான் காலையில் கூடுதல், பிறகு குறைவு. இது வெறும் சத்தம் மட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆனாலும் மேஸ்திரி உறுதிக்காக இரண்டு காரியம் செய்தார். பையன் ஆசைக்குப் போட்டிருந்த ஆயில் அழுத்த மீட்டரை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்த்தார், முள் இறங்கவில்லை. பேரிங் தேய்ந்திருந்தால் சூட்டில், ஐடிலில், அந்த முள் விழுந்திருக்க வேண்டும். பிறகு ஆயிலை இறக்கி, ஒரு வெள்ளை எனாமல் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பேரிங் உலோகம் கலந்திருந்தால் மின்னும். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் உண்டு. பேரிங்கின் மேற்பூச்சு செம்பும் ஈயமும் அலுமினியமும் மாதிரி உலோகங்கள். அதைக் காந்தம் பிடிக்காது. கண்தான் பார்க்க வேண்டும். தட்டில் மினுக்கம் இல்லை.

85,000 ரூபாய் அங்கேயே மிச்சமானது. பையன் துள்ளிக் குதித்தான். அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பான். மேஸ்திரி, "இரு தம்பி, ஃபுயித்து பாக்கல இன்னும்" என்றார்.

ஒழுகல் விஷயத்தில் தமிழ் பரவாயில்லை, நிறைய வார்த்தை வைத்திருக்கிறது: கசிவு, சொட்டு, ஒழுக்கு. முசேயும் இரண்டாகப் பிரிப்பார். ஈரம் பூத்து நிற்பது சுவேன்த்மான். அதோடு வாழலாம். சொட்டினால் ஃபுயித். அதற்கு மூலம் கண்டுபிடிக்க வேண்டும். கீழே விழுந்த இடத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. எண்ணெய் வழிந்து வழிந்து வெகுதூரம் வரும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். நனைந்த இடங்களில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அங்கே தேட வேண்டும்.

அதற்கும் முன்னால், என்ன ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். மேஸ்திரி டிவி பெட்டி வந்த அட்டையைப் பிரித்துக் காருக்கு அடியில் பரப்பி, சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, இரவு விட்டுவிட்டார். காலையில் அட்டையில் நான்கு இடத்தில் அடையாளம்.

முதலாவது முன் இடது பக்கம், நிறமில்லாதது. முந்தின நாள் ஏ.சி. போட்டதின் தண்ணீர். புதுச்சேரிப் புழுக்கத்தில் அது சொட்டாவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டாவது எஞ்சினுக்குக் கீழே, கறுப்பு, எஞ்சின் ஆயில். மூன்றாவது அதற்குச் சற்றுத் தள்ளி, பொன்னிறம், கெட்டி, கந்தக நாற்றம், கியர் ஆயில். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். நான்காவது பின்பக்கம், வலது சக்கரத்தின் உள்பக்கமாக, ஓர் எட்டணா அகலத்துக்கு இளம்பழுப்பாக ஒரு ஈரம். அதை யாரும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

எஞ்சின் ஆயிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினை டீசல் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, மேலே கோகுல் சாண்டல் பவுடரைத் தூவினார். எங்கள் வீட்டு டப்பாதான். பத்து நிமிஷம் ஓடவிட்டால் எங்கே முதலில் ஈரம் பூக்கிறதோ அங்கே பவுடர் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு இடம் கறுத்தது. ஒன்று, அழுத்த மீட்டருக்காக ஆயில் ஃபில்டர் பக்கத்தில் போட்டிருந்த பித்தளை டி-ஜாயிண்ட். கனமான சென்சாரை அந்தச் சின்ன ஜாயிண்டில் தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் அது மயிரிழை விடும். முற்றாக முறிந்திருந்தால் ஓடும் எஞ்சினின் ஆயில் எல்லாம் சில நிமிஷத்தில் ரோட்டில் இருந்திருக்கும்; அப்போது பியெல் நிஜமாகவே உருகியிருக்கும்.

மற்றொன்று வால்வு கவர் விளிம்பு. இரண்டு தடவை கேஸ்கெட் மாற்றிய அதே இடம். மேஸ்திரி ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து லேசாக மேலே வைத்தார். சாதம் கொதிக்கும் பானை மூடி மாதிரி அது குதித்தது. "எங்க தம்பி இதோட மூச்சுக் குழாய்?" என்று கேட்டார். எந்த எஞ்சினிலும் பிஸ்டன் வளையம் தாண்டிக் கொஞ்சம் வாயு அடிப்பகுதிக்கு இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒரு குழாய் வால்வு கவரில் இருந்து காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் போகும். இவன் பெட்டியை எடுத்தபோது அந்தக் குழாய்க்குப் போக இடமில்லை. ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டிருந்தான். உள்ளே மூச்சு முட்டினால் எண்ணெய் எங்கே பலவீனமோ அங்கே பிதுங்கும். தங்க கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

கம்பெனிக்காரன் எதையும் சும்மா வைப்பதில்லை என்று இதில் தெரிகிறது. அசிங்கமான பிளாஸ்டிக் பெட்டிதான், ஆனால் அது மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கார் மாற்றி அமைக்கும் பிள்ளைகளைத் திட்டுகிறவன் இல்லை நான். ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டி ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார் என்றால், அந்தச் சின்ன 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்யலாம் என்று கரிவரதன் மாதிரி யாரோ கழற்றிப் பார்த்ததால்தான். ஆனால் அவர்கள் ஒன்றைக் கழற்றினால் அது செய்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கழற்றினார்கள்.

இப்போது நான்காவது சொட்டு.

பையன் சொன்னான், "அது மழைத் தண்ணி பெரியப்பா. இல்ல ஹப்பு கிரீஸா இருக்கும்." மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் விரலில் தொட்டுத் தேய்த்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நனைந்த அட்டையைக் கிள்ளித் தண்ணீரில் பிழிந்தார். எண்ணெயாக இருந்தால் மேலே கண் கண்ணாக மிதக்கும். இது சர்பத் மாதிரி கரைந்துவிட்டது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரீஸ் எதுவும் தண்ணீரில் கரையாது. கரைவது இரண்டுதான்: ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், பிரேக் ஆயில். எஸ்டீம் முன்சக்கர இழுவைக் கார். பின்னால் கியர் ஆயிலும் கிடையாது, கூலன்ட்டும் கிடையாது. அங்கே இருக்கக்கூடிய திரவம் ஒன்றே ஒன்று. (நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். தெரு நாய்கள் அதை நக்கிச் சாகும்.)

"பிரேக் ஆயில் ஊத்தினியா?" என்று கேட்டேன். "லெவல் கொஞ்சம் இறங்கியிருந்துது. பேடு தேஞ்சா இறங்கும் பெரியப்பா, அது சகஜம்" என்றான். சொன்னது சரிதான். முன் பிரேக் பேடு தேய்ந்தால் அளவு மெதுவாக இறங்கும். எத்தனை தடவை ஊற்றினாய் என்றதற்குத் தலையைச் சொறிந்தான்.

எனக்குத் தம்பியின் நோட்டு ஞாபகம் வந்தது. கார் வாங்கிய நாள் முதல் ஒரு நாற்பது பக்க நோட்டை முன்பெட்டியில் வைத்திருந்தான். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், ஆயில் மாற்றியது, டயருக்குக் காற்று அடித்தது வரை எழுதுவான். அவன் வண்டி ஓட்ட, அவன் சொல்லச் சொல்ல எழுதியது அவன் மனைவி. பெட்டியைத் திறந்தால் நோட்டு இருந்தது. நான்காவது நோட்டு. தம்பி போன பிறகும் எழுத்து நிற்கவில்லை. பையனுக்கே அது தெரியாது. மாதம் ஒருமுறை ஜிப்மருக்குச் சர்க்கரைக்கும் கண்ணுக்கும் காட்டப் போகும்போதெல்லாம் பின் ஸீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். "கோரிமேடு போய் வந்தது." "தட்டாஞ்சாவடி பங்க், 1000 ரூபாய்." ஆவணியில் ஒரு வரி: "பிரேக் ஆயில் ஊற்றினான்." புரட்டாசியில்: "பிரேக் ஆயில் ஊற்றினான்." ஐப்பசி முதல் வாரத்தில் மூன்றாவது தடவை அதே வரி, கூடவே இன்னும் ஒன்று: "இறக்கத்தில் காலை ரொம்ப உள்ளே அழுத்துகிறான்."

ஜிப்மரில் இருந்து திரும்பும்போது கோரிமேட்டு இறக்கம். இரண்டு பக்கமும் பஸ், நடுவில் பேஷன்ட்டைத் தாங்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற ஜனம். அடுத்த முறை போக வேண்டிய தேதி இரண்டு நாள் கழித்து என்று நோட்டின் அட்டையில் எழுதியிருந்தது.

நான் நோட்டை மேஸ்திரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "தம்பி, சாவியக் குடு" என்று கையை நீட்டினார். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவினோம். உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கியதும் கருப்பாகத் தேங்கி நின்ற பிரேக் ஆயில் வழிந்தது. லைனர் ஊறிப்போய் இருந்தது. பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். ஈரம் சேர்ந்தால் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்துக் குழி விழும். அந்தக் குழியில் உரசி ரப்பர் வாஷர் கிழியும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றச் சொல்கிறார்கள். நோட்டுப்படி இதில் மாற்றி ஏழு வருஷம். இந்த மாதிரிக் கார்களில் பிரேக் குழாயை இரண்டு வழியாகப் பிரித்திருப்பார்கள்; ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். ஆனால் மிதி பாதாளத்துக்குப் போகும், நிற்க இரண்டு மடங்கு தூரம் வேண்டும். லைனரில் எண்ணெய் ஊறிய சக்கரம் பிடிக்கவே பிடிக்காது. மழை ரோட்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பும்.

வேடிக்கை என்னவென்றால், டக்-டக் என்று தெருவே கேட்கும்படி கத்தியது ஒரு வளைந்த தகடு. எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடினோம். இதுவோ மூன்று மாதமாக ஒரு சத்தமும் போடவில்லை. அந்த பெரிய சைலன்சரும் பாட்டுப் பெட்டியும் இருக்கிற வண்டியில் போட்டிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்?

வேலை நான்கு நாள் ஆனது. இரண்டு பின்சக்கரத்துக்கும் புது வீல் சிலிண்டர், புது லைனர்; ஒரு பக்கம் மட்டும் மாற்ற மேஸ்திரி சம்மதிக்கவில்லை. பிரேக் ஆயில் முழுக்க இறக்கிப் புதிது ஊற்றிக் காற்று எடுத்தார்கள். ஹெட்டரின் தட்டை வெட்டி எடுத்துவிட்டு லேத் பட்டறையில் கனமான தகட்டில் புதிது கடைந்து வெல்டிங் வைத்தார்கள். மூச்சுக் குழாய்க்குப் பழைய பெட்டியே திரும்பி வந்தது. கூம்பு ஃபில்டர் இப்போது பையனின் அலமாரியில் அலங்காரமாக இருக்கிறது. மீட்டரின் சென்சாரை எஞ்சினில் தொங்கவிடாமல் உடம்பில் பொருத்தி, இடையில் வளையும் குழாய் போட்டார். எல்லாம் சேர்த்து 12,400 ரூபாய். அந்த மாதம் ஜிப்மருக்கு என் தம்பி மனைவியும் நானும் ஆட்டோவில் போனோம்.

கியர் ஆயில் கசிவை மேஸ்திரி தொடவில்லை. டிரைவ் ஷாஃப்ட் சீலில் ஒரு ராத்திரிக்கு ஒரு பொட்டு. "அது ஃபுயித்து இல்ல சார், சுவேன்த்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் சரியாக உச்சரித்ததைக் கேட்க முசே இல்லையே என்றிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்.

கார்த்திகையில் கார் மறுபடி கோரிமேடு போய் வந்தது. போன வாரம் அந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். வழக்கமான வரிகள்தான். பெட்ரோல், கிலோமீட்டர். ஒவ்வொரு பயணத்தின் கீழும் இப்போது புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது, பென்சிலில், சாய்ந்த எழுத்தில்: "பிரேக் ஆயில் பார்த்தது. குறையவில்லை." கீழே பையனின் கையெழுத்து. அவனிடம் கையெழுத்து வாங்காமல் அவள் இப்போது காரில் ஏறுவதில்லையாம்.